கடைசிக் கை நீர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு வாசகசாலையில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடி வாதம் செய்வோம். அங்கேதான் அவர் பழக்கம். நெடிய, ஒல்லியான மனிதர். எதிராளியை மறுக்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். செத்தால் ஒன்றும் மிச்சமில்லை, வாழ்க்கைக்கு அர்த்தம் என்று எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி. நான் எதிர்க்கட்சி, ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

ஒரு அமாவாசையன்று அம்மா மண்டபம் படித்துறையில், தர்ப்பணத்துக்கு உட்கார்ந்த வரிசையின் கோடியில் அவரைக் கண்டேன். மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் வாத்தியார் மைக்கில் மந்திரம் சொல்ல, நாங்கள் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். கடைசியாக, நீர் விட யாருமே இல்லாமல் இறந்தவர்களுக்கென்று ஒரு முறை வரும். அதற்கு மட்டும் கை நிறைய அள்ளி விட்டார்.

படியேறும்போது கேட்டேன். "செத்தவா எங்கேயுமே இல்லைம்பேளே, ஸ்வாமி?"

"இல்லைதான்."

"பின்னே யாருக்கு விட்டேள்?"

"உங்க அப்பாவை நினைச்சுக்க நீங்க இருக்கேள். அவாளை நினைச்சுக்க அந்த ஒரு நிமிஷம்தான் இருக்கு. அதையும் விட்டுடச் சொல்றேளா?"

கண்ணாடியை அவர் கழற்றவில்லை.

அடுத்த ஞாயிறு அது வழக்கம்போல் பைக்குள் போயிற்று. அர்த்தமாவது ஒன்றாவது என்றார். படித்துறையில் பார்த்ததைச் சொல்லி மடக்கிவிடலாம் என்று வாயெடுத்தேன், பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அது அவர் கட்சிக்குச் சாட்சியா, என் கட்சிக்கா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.