ஈயக்கட்டியா, ஈயப்பையா?

முதலில் ஒரு விடுகதை. கடலில் தக்கை போல மிதந்தவன் கிணற்றில் குண்டு போல முங்குகிறான். நடுவில் ஒரு வாய் சோறுகூட அதிகமாகச் சாப்பிடவில்லை. யார் அவன்? யோசித்துக்கொண்டே வாருங்கள்.

தண்ணீருக்குள் போவது சுலபம், போன இடத்தில் அசையாமல் நிற்பதுதான் கஷ்டம். அதற்காக இடுப்பில் ஈயம் கட்டிக்கொள்ளும் தொழில் எங்களுடையது. எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டி வட்டாரத்துத் தோட்டக் கிணறுகளில் மோட்டார்கள் வந்துவிட்டன. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கிக் கட்டுவார்கள். ஐப்பசியில் மழை கொட்டினால் கிணறு நிறைந்துவிடும்; மோட்டார் அடியில் கிடக்கும். அதை எடுத்துக் கொடுக்கத் தூத்துக்குடியிலிருந்து மிக்கேல் அண்ணன் வருவார். சங்கு குளித்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு முங்கவும் பழகியவர். நான் கோவில்பட்டிக்காரன். கரையில் நின்று அவருடைய கயிற்றைப் பிடிப்பதும், ஈயத்தைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

பள்ளி விடுமுறை விட்டால் அவர் மகள் ரோசியும் கூட வருவாள். பத்து வயது. கிணற்றை ஓரமாகவே நீந்திச் சுற்றி வந்துவிடுவாள். ஆனால் அடியைத் தொட முடியாது. கால் உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தக்கையாக மேலே வந்துவிடுவாள். "எனக்கும் ஈயம் கட்டிவிடுங்கப்பா" என்று ஒவ்வொரு கிணற்றிலும் கேட்பாள். அண்ணனும் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே பதிலைச் சொல்வார்: "எந்த ஈயத்த நம்பலாம்னு மொதல்ல நான் பாத்துக்கிடுதேன்ட்டி. பொறவு நீ இறங்கலாம்."

இரண்டு சுமைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மற்றதை எடுத்திருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசிக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம். மேலே படியுங்கள்.

கடல் கணக்கு

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுப்பையா என்பவரின் தோட்டத்தில் எங்கள் முதல் கிணறு. ஆழத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று அண்ணன் தடித்த ரப்பர் சட்டை போட்டுக்கொண்டார். அந்தச் சட்டை ஆளை மேலே தூக்கும். அதை அடக்கத்தான் ஈயம். கடலில் எத்தனை கட்டிகள் கட்டுவாரோ அத்தனையையும் கட்டிக்கொண்டு இறங்கினார். உப்புத் தண்ணீர் ஆளைத் தாங்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் தாங்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தது நினைவுக்கு வந்தது, அவர் சர்ரென்று மறைந்த பிறகுதான். விடுகதைக்கு விடை கிடைத்ததா?

அடியில் கரிசல் சேறு. முழங்கால் வரை புதைந்து நின்றார். கிணறு முழுவதும் மை கரைத்தது போல ஆகிவிட்டது. கயிற்றை இழுத்து மேலே கொண்டுவந்தோம். அதன் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: பாதி மூச்சு இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும், மூச்சை விட்டால் ஆள் மெல்ல இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டியாகக் கழற்றி அப்படி நிற்க வைத்தோம். மறுபடி இறங்கி மோட்டாருக்குக் கயிறு கட்டிவிட்டு வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பின்னும் சுப்பையா அண்ணாச்சி கண் அண்ணனின் காலிலேயே இருந்தது.

"மோட்டார எடுக்க வாங்கன்னு கூப்பிட்டா, மிக்கேல் அண்ணாச்சி மொதல்ல மிளகா நாத்தா நின்னு காட்டிட்டுல்லா வாராக!"

கறுத்த ஒட்டியாணம்

பழைய வலைகளில் இருந்த ஈயத்தை உருக்கி, களிமண் அச்சில் ஊற்றி, இடுப்பு வாரில் கோக்க இரண்டு துளை விட்டால் ஈயக்கட்டி தயார். அதன் குணத்தை நான் மெச்சாமல் இருக்க முடியாது. இன்று என்ன எடையோ, பத்து வருஷம் கழித்தும் அதே எடை. ஒரு துணியால் துடைத்தால் காய்ந்துவிடும். கிழியாது, நனையாது, யாரையும் ஏமாற்றாது.

ஒரே ஒரு குறை, அது உட்காரும் இடம் எலும்பு. மிக்கேல் அண்ணன் உடம்பில் கட்டிக்கு மெத்தையாக இருக்கச் சதை கிடையாது. சேற்றில் குனிந்து நிமிரும்போதெல்லாம் கட்டி இடுப்பெலும்பில் இடிக்கும். அவர் ஒரு நாளும் முனகியதில்லை. அவர் மனைவி செல்வி அக்காதான் ஒரு தடவை வேட்டியைச் சற்று இறக்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றிக் கன்றிக் கறுத்திருந்ததை எனக்குக் காட்டினார்.

"கல்யாணத்துக்கு எனக்கு ஒட்டியாணம் போடல. இவிய போட்டிருக்காவ பாருங்க, ஈயத்துலயே!"

மணியாச்சி சுமை

அதற்குப் பிறகுதான் ஈயப்பையை யோசித்தேன். தடித்த கித்தான் துணியில் உள்ளங்கை அகலப் பைகள் தைத்து, கொண்டைக்கடலை அளவு ஈயக்குண்டுகளை நிரப்பினேன். முட்டையின் மேல் கோழி படுப்பது போல அது இடுப்பில் படிந்து உட்கார்ந்தது. ஒரு கைப்பிடி குண்டைச் சேர்த்தோ எடுத்தோ எடையைச் சரிபார்க்கவும் முடிந்தது. அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்தப் பைகளைச் சின்னக் கூடை ஒன்றில் போட்டு, மேலே துண்டை மூடி ரயிலில் கொண்டுபோனோம். மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். பெட்டியும் சிலிண்டரும் எங்கள் கையில் இருந்ததைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு போர்ட்டர், கூடையை ஒற்றை விரலால் தூக்க வந்தார். கூடை அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். கழுத்து சட்டைக்குள் போய்விட்டது. ஆனாலும் இறக்காமல் அடுத்த பிளாட்பாரம் வரை வந்து சேர்ந்தார், கெட்டிக்காரர்.

"அண்ணாச்சி, கூடைக்குள்ள ஸ்டேஷன் மாஸ்டரையா மடிச்சு வச்சிருக்கீக?"

பொத்தல்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் மாரியம்மாள் என்ற பெண்ணின் கிணறு. மிளகாய்ச் செடி வாடத் தொடங்கியிருந்தது. மோட்டார் வராவிட்டால் அந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான். அண்ணன் இறங்கி, தடவிப் பார்த்து, மோட்டாரைக் கண்டுபிடித்துவிட்டார். அடியில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் ஒன்று வலப்பக்கப் பையைக் கிழித்தது. குண்டுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் கொட்டுகின்றன, அவருக்குத் தெரியவில்லை. உடம்பு இடப்பக்கம் சாய்கிறது, கால் மேலே எழும்புகிறது. மோட்டாரை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு (தொங்குவது என்றால் மேல்நோக்கி!) இன்னொரு கையால் முடிச்சைப் போட்டு முடித்தார். அந்த முடிச்சு அவிழவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு. பிடியை விட்டதும் கால் முன்னாலும் தலை பின்னாலுமாக மிதந்து வந்தார்.

கரையில் ரோசி கைதட்டிச் சிரித்தாள். மாரியம்மாள் சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மோட்டாரு மேல வரும்னு பாத்தா, ஆளுல்லா மேல வாராரு! எங்கிட்டு இருக்கு எம் மோட்டாரு?"

மோட்டார் பின்னாலேயே வந்தது.

கட்டுவதும் கழற்றுவதும்

பையை இரட்டைத் துணியில் தைத்தேன். வாரும் அதே கித்தான் துணிதான். குளத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு இறங்கினார். வேலை முடிந்து எழும்பப் பார்த்தபோது, மண்டியிட்ட இடத்தில் பைகள் சேற்றுக்குள் நன்றாக அமிழ்ந்து பிடித்துக்கொண்டன. இப்படி மாட்டினால் ஈயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே வர வேண்டும். அதற்காகத்தான் வாரில் கொக்கி இருக்கிறது. ஆனால் நனைந்த கித்தான் உப்பிப்போய்க் கொக்கிக்குள் இறுகிவிட்டது. இழுத்தால் வரவில்லை.

என் கையில் கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது. 'தூக்கு' என்று அர்த்தம். நானும் தோட்டக்காரரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு முதலில் அசையவில்லை. பிறகு ஒரேயடியாக வந்தது. அண்ணன் படியில் உட்கார்ந்து வாயிலிருந்து குழாயை எடுத்தார். ரோசி துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை. அண்ணன் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வாரைக் கத்தியால் அறுத்து மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாகத்தான் பேசினார்.

"ஏலே தம்பி, கட்டுததுக்கு எது சொகம்னு பாத்தோம். கழட்டுததுக்கு எது சொகம்னு பாக்கவே இல்லியே."

ரோசியின் முறை

அடுத்த கோடை விடுமுறை. சுப்பையா அண்ணாச்சியின் அதே கிணறு. தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்தான், அடிவரை தெரிந்தது. "இன்னைக்கு இறங்குட்டி" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ரோசிக்கென்று சிறிய வார்கள் இரண்டு செய்து கொண்டுவந்திருந்தோம். ஒன்றில் கட்டி, ஒன்றில் பை. இரண்டிலும் புதுக் கொக்கி. இரண்டையும் படியில் வைத்தோம். சண்டை தொடங்கியது.

"பையே இருக்கட்டும்லே. பிள்ள எலும்பு இளசு."

"கிழிஞ்சா, அண்ணே? கட்டின்னா சொன்ன சொல்லு மாறாது."

"கட்டி இடிச்சு அழுதான்னா ஒங்க அக்காகிட்ட நீதான் பதில் சொல்லணும்."

"பை சேத்துல மாட்டுச்சுன்னா நீங்க யார்கிட்ட பதில் சொல்லுவீங்க?"

சுப்பையா அண்ணாச்சிக்குப் பொறுமை போயிற்று. "ஏய்யா, கிணத்துல இருக்க தண்ணி வத்துததுக்குள்ள முடிவு பண்ணுங்க. கட்டுத பிள்ளைட்ட கேளுங்க!"

அதுவும் சரிதான் என்று பட்டது. அண்ணன் சிலிண்டரோடு தண்ணீரில் இறங்கி, அவளுக்குக் கீழே இருக்கத் தயாரானார். நான் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினேன்.

"ஏட்டி, எது வேணும்?" என்றார் அண்ணன்.

ரோசி இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். "மேல வரணும்னு தோணிச்சுன்னா இதக் கழட்ட எம்புட்டு நேரமாகும்ப்பா?"

"கொக்கியத் தட்டணும். வாரை உருவணும். அம்புட்டுத்தான்."

அவள் இரண்டையும் பத்திரமாகப் படியிலேயே திருப்பி வைத்தாள்.

உருக்கியும் தைத்தும் அளந்தும் பெரியவர்கள் இருவர் இத்தனை காலம் மூளையைக் கசக்கிய பிறகு, ரோசி படியோரம் கிடந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.