தம்பி கூழ் குடிக்கும்வரை

நான் பாடம் நடத்தும்போது கேழ்வரகுக் கூழின் வாடை வந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு சிறுமி, இடுப்பில் தம்பியும் கையில் கூழ்க் கிண்ணமுமாக, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாடை போதும், மறுபடி சிறுமியாக நியாலாஸ் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தேன்! அம்மா பால் எடுக்க மரம் வெட்டப் போனால் தம்பி என் பொறுப்பு. அம்மா சொல்வாள்: "அவன் கூழ் குடிக்கப் பழகட்டும்டி, புள்ளைங்கள பாத்துக்கிற ஆயா கொட்டாயில விட்டுரலாம். அப்புறம் நீ பள்ளிக்கூடம் போ." ஊட்டுவேன், துப்புவான். பீசாங், அதுதான் வாழைப்பழம், மசித்துக் கொடுத்தாலும் நாக்கால் தள்ளுவான். "முழுங்குடா ராசா!" என்று கெஞ்சுவேன்.

ஒருநாள் கிண்ணத்தைக் காலி செய்தான். சிலேட்டும் கையுமாக அம்மாவிடம் சொல்ல ஓடினேன். லயத்துக்குப் பின்னால் அம்மா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு வந்துருச்சுடி. அதையும் கொஞ்சம் வளத்துட்டுப் போ."

பாடத்தை நிறுத்திவிட்டுச் சன்னலருகே போனேன். "உள்ள வா புள்ள, தம்பியையும் தூக்கிட்டு வா."

"அம்மா ஏசும் டீச்சர். இவன் கூழ் குடிக்கட்டும், அப்புறம் வரேன்."

அவள் ஊட்டியதைத் தம்பி துப்பினான்.