ஆறுக்கு அடுத்தது ஐந்து

பள்ளிக்கூடத்தில் குற்றம் கண்டுபிடிக்க என் அம்மாவைப் போல் பாண்டிச்சேரியில் இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும். முதல் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லையாம். இரண்டாவதில் வாத்தியார் வெற்றிலை போடுகிறாராம். மூன்றாவதில், பாவம், அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. காற்றே வரவில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பள்ளிக்கூடம் இருந்ததோ கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

வியட்நாமில் சண்டை முற்றிப்போய் சைகோனை விட்டு நாங்கள் வந்துசேர்ந்த சமயம் அது. அப்பாவுக்கு அங்கே துணிக்கடையில் வேலை. அப்பா அம்மாவுக்குப் பாண்டிச்சேரி சொந்த ஊர். சைகோனிலேயே பிறந்து அங்கேயே படித்த எனக்கு அது வேற்று நாடு. தமிழ் வாயில் இருந்ததே தவிர ஓர் எழுத்து எழுத வராது. முத்தியால்பேட்டையில் மாமா வீட்டுப் பின்பக்கத்து அறையில் இறங்கிய மறுநாளே, என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா ஒரே பேச்சில் அதை முடித்தாள்.

"இனிமே இந்த ஊர்லதான இருக்கப்போறோம். செவுத்துல எழுதியிருக்கறதக்கூட படிக்கத் தெரியாம எம்பொண்ணு தெருவுல நடக்கக்கூடாது."

எனக்கு எந்தப் பள்ளிக்கூடமானாலும் கவலையில்லை. பிரெஞ்சுப் படிப்பில் வகுப்புகளை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். ஆறை முடித்தால் ஐந்து, பிறகு நான்கு, மூன்று என்று ஒன்றுவரை போகும். நான் ஆறை முடித்து வந்தவள், அடுத்தது ஐந்து. உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரில் எல்லோரும் பின்பக்கமாகத்தான் நடப்பார்களா என்று மாமா கேட்டபோது, இல்லையே என்று நிஜமாகவே பதில் சொன்னேன்.

தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக்குமேல் இடமில்லை என்று அந்த மூன்று பள்ளிக்கூடங்களும் கையை விரித்த கதையை, ரொம்ப வருஷம் கழித்து அப்பாதான் சொன்னார். பதினோரு வயதுப் பெண்ணைப் பொடிசுகளோடு உட்காரவைத்தால் ஒரே மாதத்தில் படிப்பை வெறுத்துவிடுவாள் என்று அம்மா பயந்திருக்கிறாள். அதை என்னிடம் மூச்சுவிடாமல், பழியைப் பானைமேலும் காற்றுமேலும் போட்டிருக்கிறாள். என்ன சாமர்த்தியம்!

நான்காவது பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கணக்குக் கொடுத்துப் பார்த்தார். வேண்டுமானால் மூன்றாவதில் போடுகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தும் வேண்டாம், நான்கும் வேண்டாம், நேரே மூன்றா! நம் கெட்டிக்காரத்தனம் இந்த ஊரில் ஒருத்தருக்காவது தெரிந்ததே என்று நான் நிமிர்ந்து நின்றால், அம்மா கையைக் கூப்பிக்கொண்டு அதை வேண்டாம் என்கிறாள்.

"அஞ்சாவதுல போடுங்கம்மா. வீட்ல நான் சொல்லிக்குடுக்கறேன். கால் பரீட்சைக்குள்ள அவ தமிழ் எழுதலன்னா நானே வந்து கூட்டிக்கினு போயிடறேன்."

நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். அஞ்சாவது வரைக்கும் என்றாள் அம்மா. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு, சரி என்றார். எனக்கோ மூன்று கைநழுவிப்போன வருத்தம்.

முதல் நாளே குட்டு உடைந்தது. ஒன்றாம் வகுப்பு வரிசையில் மூக்கொழுகிக்கொண்டு நின்றதுகளைப் பார்த்ததும், இங்கே கீழிருந்து மேலே எண்ணுகிறார்களோ என்று சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அடுத்த வருஷம் எங்கே போவோம் என்று கேட்டேன். ஆறாவது என்றாள். படித்து முடித்த ஆறையே திரும்பப் படிப்பதா? வீட்டுக்கு வந்து தரையில் புரண்டு அழுதேன். அம்மா சமாதானமெல்லாம் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, சிலேட்டை எடுத்துவைத்து அ, ஆ என்று ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் தெருவில் கூட்டிக்கொண்டு போய், கடைப்பலகை, கட்சிக்காரர்கள் சுவரில் எழுதியது என்று ஒன்று விடாமல் படிக்கவைத்தாள். தப்பாகப் படித்தால் அந்தக் கடையைத் தாண்ட விடமாட்டாள். கால் பரீட்சையில் தமிழில் தட்டுத்தடுமாறித் தேறினேன். முழுப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது அம்மா சொன்னாள்.

"ஆறாவது எப்படியிருக்கும்னு நான் பாத்ததில்ல. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"நாந்தான் ஏற்கெனவே பாத்துட்டேனே. அதுல ஒண்ணுமே இல்லம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எம்பொண்ணு ஆறாவது போறா, எம்பொண்ணு ஆறாவது போறா என்று வீடுவரை சொல்லிக்கொண்டே வந்தாள். போயும் போயும் ஒரு ஆறாவதுக்கு இவள் ஏன் இப்படி ஆடுகிறாள் என்று எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது.