சேந்துகிணற்றுப் பள்ளிக்கூடம்

இது இட்டுக்கட்டிச் சொல்வதல்ல. 1979-ல் வெண்ணந்தூருக்கு மேற்கே, எங்கள் தோட்டத்து வீட்டில் நடந்தது. என் தம்பி மகள் வசந்தாமணி எவனோடோ ஓடிவிட்டதாக இன்னும் சிலர் பேசுகிறார்கள். ஓடவில்லை. அன்று கிணற்றடியில் இருந்தவள் அவளைப் பெற்ற பாவாயி. அவள் கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

வயதுக்கு வந்ததும், எங்கள் வழக்கப்படி, வசந்தாமணியை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதன் பிறகு அவளுக்கு ஒரே துணை, வாரப் பத்திரிகையில் வந்த ஒரு மாந்திரீகத் தொடர்கதை. பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருந்தாள். மலைக்கு அடியில் வெயில் படாத ஒரு பள்ளிக்கூடம். இருட்டியதும் வாத்தியார் பெயர் கூப்பிடுவார். பதில் சொன்னவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். உள்ளே பறவைகளின் பாஷையும், ஆளைச் சாய்க்கும் மந்திரமும் பாடம்.

"ஏஞ்சாமி, இந்த எழவப் படிச்சாப் பயமா இல்லியா?" என்றாள் பாவாயி.

"பயமாத்தானுங்க ஆத்தா இருக்குது. ஆனா அங்க புள்ளைங்கள நடுவுல நிறுத்தறதில்லீங்க."

"பேய் வாத்தியாரு உனக்கு மார்க்குப் போடுவானாக்கும்!"

"போட்டா வாங்கிக்கறனுங்க."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பெண் பேய்க்கதை படிக்கிறாள் என்று தெரிந்தால் குடும்ப மரியாதை என்னாவது? தம்பி மருதாசலம் புத்தகத்தைப் பிடுங்கினான். எழுத்துள்ள தாளை நாங்கள் அடுப்பில் போடுவதில்லை. தண்ணீரில்தான் விடுவோம். ஆற்றுக்குப் போகச் சோம்பி, கல்லைக் கட்டி வீட்டுச் சேந்துகிணற்றில் இறக்கிவிட்டான்.

வசந்தாமணி அழவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம். மணி ஆறரை. பாவாயி தண்ணீர் சேந்தப் போனாள். கயிற்றை விட்டாள். குடம் தண்ணீரைத் தொடும் சத்தம் வரவில்லை.

கீழேயிருந்து ஓர் ஆண் குரல்... நிதானமாக ஒரு பெயர்.

"உள்ளேன் ஐயா." சின்னப் பெண்ணின் குரல்.

இன்னொரு பெயர்.

"உள்ளேன் ஐயா."

பக்கத்துத் தோட்டத்து ரேடியோ என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை.

மூன்றாவது பெயர். அதற்கும் பதில் வந்தது.

பிறகு...

"வசந்தாமணி."

பாவாயி கயிற்றை விட்டு நிமிர்ந்தாள்.

முதுகுக்குப் பின்னால்...

"உள்ளேன் ஐயா."

திரும்பினாள். மகள். இரட்டைச் சடை. ரிப்பன்.

"எங்க சாமி போற?"

"நேரமாயிருச்சுங்க ஆத்தா. கதவச் சாத்திருவாங்க."

கிணற்றுத் திட்டில் கால் வைத்தாள். பாவாயி எட்டிப் பிடித்தாள். கையில் ரிப்பன் மட்டும்.

தண்ணீர் தெறிக்கும் சத்தம்...

இல்லை.

ஆயில் இன்ஜின் வைத்து விடிய விடிய இறைத்தோம். அடிச்சேறு வரை துழாவினோம். உடல் இல்லை.

ஒரு மாதம் பாவாயி வாய் திறக்கவில்லை. திறந்தபோது, கேட்ட மூன்று பெயர்களையும் சொன்னாள்.

நல்லம்மாள். சென்னியம்மாள். மாரியாயி.

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

அந்தப் பெயர்களைப் பாவாயி அறிய வழியே இல்லை. என் தகப்பனாரின் தங்கைகள் அவர்கள். அவள் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பு போய்ச் சேர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லி, விடியுமுன் புதைத்தார்கள்.

அவர்களுடைய உடலாவது அந்தக் கிணற்றில் கிடைத்தது.