வெள்ளத்தைப் பார்த்தவர்

சவூதியின் தஹ்ரானில் நான் விமானம் ஏறியபோது எனக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜுபைலில் தொழிலாளர் கேம்ப்புகளுக்குத் தண்ணி லாரி ஓட்டுகிறவராம். லீவில் ஊருக்குப் போகிறார். லாரி ஜன்னலோரம் வெயில் பட்டு இடது கை மட்டும் கறுத்துப்போயிருந்தது. மடியில் ஒரு டேப்ரிக்கார்டர். அடிக்கொருதரம் அதைத் துண்டால் துடைப்பார். எழுபதுகளில் எங்களில் பாதிப் பேர் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசித்தான் ஊருக்கு அனுப்பினோம்.

இரண்டு நாளாக வளைகுடாவில் காணாத மழை. அபுதாபிப் பக்கம் விமானம் தாழ்ந்தபோது கீழே மணலெல்லாம் தண்ணீராய்க் கிடந்தது. ஓர் ஆள், ஓர் ஒட்டகம்கூடக் கண்ணில் படவில்லை.

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு டேப்ரிக்கார்டரின் பதிவுப் பட்டனை அமுக்கினார்.

"இந்தா புள்ள, கேக்குதா? பாலைவனத்துல வெள்ளம் கெடக்கு. நாலு வருசமா நான் லாரியில சொமந்த தண்ணியெல்லாம் இதுல ஒரு மூலைக்குக் காணாது. நின்னு பாக்கத்தான் ஒரு ஆளு இல்ல."

"நாளைக்கு வீட்டுக்கே போயிடுவீங்களே, நேர்லயே சொல்லலாமே?" என்றேன்.

டேப்பை நிறுத்தினார்.

"கல்யாணமாகி இருபதாம் நாள் கெளம்பி வந்தவன் சார். நாங்க பேசினதெல்லாம் இதுலதான். நேர்ல எப்பிடிப் பேசுறதுன்னு தெரியல."

துபாயில் நான் இறங்கிக்கொண்டேன். ஷார்ஜா வீட்டில் மனைவி சோறு போட்டாள். "பிரயாணமெல்லாம் எப்படி?" என்றாள். "பரவாயில்லை" என்றேன். அந்த வெள்ளத்தைப் பற்றி இன்றுவரை அவளிடம் நான் சொன்னதில்லை.