மாதுளைக்குக் காவல் நின்ற சட்டை

சுனாமித் தண்ணீர் எங்கள் கொல்லையில் நின்று வடிந்த பிறகு கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாம் கருகிப்போயின. மாதுளை மட்டும் எப்படியோ பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல் அடுத்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அணில்களும் பார்த்துவிட்டன.

முழுப் பழத்தையும் தின்றுவிட்டுப் போனால்கூட மனசு ஆறும். அணில் அப்படிச் செய்யாது. ஒரு பக்கம் ஓட்டை போடும், நாலு முத்தைக் கொறிக்கும், அடுத்த பழத்துக்குத் தாவிவிடும். ஓட்டையில் எறும்பு ஏறி மிச்சமும் வீண். ராமர் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாராம். கையோடு பல்லையும் பிடுங்கி விட்டிருக்கலாம்.

மீனவர்களிடம் கிழிந்த வலை வாங்கி வந்து மரத்தைப் போர்த்தினோம். வலையைக் கடித்து உள்ளே போனது. பழைய கேசட்டின் நாடாவை உருவிக் கிளைக்குக் கிளை கட்டினோம். இரண்டு நாள் பயந்தது, பிறகு அதன் மேலேயே ஓடியது. பழத்துக்குப் பழம் துணி சுற்றினோம், துணியோடு சேர்த்துக் கடித்தது. அம்மா உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு வந்து, வெடித்த காலோடு கொம்பை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நிற்பாள். எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமம். மாப்பிள்ளைக்கு ஆரோவில்லில் தச்சு வேலை. அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"தட்டுல நம்ம வூட்டுப் பழம்தான் வெக்கணும். கடையில வாங்கி வெச்சா, இவங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு நெனைப்பாங்க."

எங்களிடம் இல்லாதது பழம் அல்ல, அப்பா. உப்பு லாரி ஓட்டிய அப்பா, கீழ்புத்துப்பட்டில் ஒருத்தியோடு குடித்தனம் வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் தெரியாது. தரகர் அவர்களிடம், "அவரு துபாய்ல டிரைவரா இருக்காரு" என்று அளந்து விட்டிருந்தார். எங்கள் பக்கம் கோட்டக்குப்பத்தில் பாதி ஆம்பளைகள் அங்கேதானே இருக்கிறார்கள், இன்னொருத்தரைச் சேர்த்தால் யார் போய் எண்ணப்போகிறார்கள்?

பழத்தைக் காப்பாற்ற அம்மா ஒரு பொம்மை கட்டினாள். இரண்டு கழி, வைக்கோல், தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி. சட்டியில் சுண்ணாம்பால் கண், கரியால் மீசை. கடைசியாகப் பெட்டியைத் திறந்து, அப்பா விட்டுவிட்டுப் போன நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டினாள். தீமிதிக்கு என்று பாண்டியில் வாங்கிய சட்டை அது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உயிரோடு இருப்பவன் சட்டையைக் கொல்லைப் பொம்மைக்கு எங்கள் பக்கம் யாரும் போட மாட்டார்கள். செத்தவன் துணிதான் பொம்மைக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உன் புருசன் வந்துட்டாருபோல, சோறு போட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இவருக்குச் சோறு வேணாம். வூட்டைவிட்டும் போவ மாட்டாரு" என்றாள் அம்மா.

நான் தெருப்பக்கம் தலைகாட்டுவதையே விட்டேன். "அவங்க வர்றதுக்குள்ள அதைக் கழட்டிடும்மா" என்று கெஞ்சினேன். கழற்றினால் ஒரு பழம் மிஞ்சாது என்றாள். பொம்மை நின்றும் மிஞ்சவில்லை. முதலில் பயந்த அணில், கொஞ்ச நாளில் பொம்மையின் தோளில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. கூடு கட்டச் சட்டைப்பையிலிருந்து நூலை உருவிக்கொண்டு போனது. காலரையும் கடித்து வைத்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று தேறிய பழங்களில் பாதிக்கு மேல் ஓட்டை. ஓட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கினேன். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக ஒன்றை எடுத்தார். திருப்பினார். உள்ளிருந்து எறும்பு வரிசையாக அவர் கைமேல் ஏறியது. எனக்குக் காது சுட்டது.

"அணிலுங்க. என்ன பண்ணாலும் அடங்க மாட்டேங்குது" என்றாள் அம்மா.

அந்த அம்மா எறும்பைத் தட்டிவிட்டுச் சிரித்தபடி, மரத்தைப் பார்க்கலாம் என்று பின்வாசலுக்குப் போனார். போனவர் பொம்மையின் சட்டையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு தவறிட்டாரா? எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?"

தரகர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆமாம் என்று சொல்லிவிடு அம்மா, என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அப்பா செத்துப்போயிருந்தால் அதில் அவமானம் இல்லை.

"சாவலைங்க. துபாயிலயும் இல்ல. கீழ்புத்துப்பட்டுல வேற ஒருத்தியோட இருக்காரு" என்றாள் அம்மா.

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அப்படியே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மா பொம்மையை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "பொண்ணு மேல எங்களுக்குக் கொறை இல்ல. ஆனா உசுரோட இருக்கிற அப்பன் வந்து தாரை வார்க்கணும். இல்லன்னா எங்க ஊர்ல பேசுவாங்க. அவரைக் கொண்டுவந்து நிறுத்துங்க, தேதி வெப்போம்" என்றார். இனி அப்பா வந்தால்தான் கல்யாணம்.

அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். அத்தனை வருஷமாக அனுப்பாத சேதி அந்த ஒரு தரம் போனது.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்குள் கிழிந்த வெளுத்த சட்டை, இளைத்த முகம். அம்மா உள்ளே போய் மடித்த துணி ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள். கடித்த காலரையும் நூல் உருவிய பையையும் தைக்கவில்லை. தைக்கத் தெரியாதவள் இல்லை. என் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்தவளே அவள்தான்.

அப்பா அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மணவறையில் என் கை அப்பா கைக்குள் இருந்தது. அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். பின்னால் ஒருத்தி, "பொம்மை எறங்கி வந்துடுச்சுடி" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு ஓடியது. அப்பா கடித்த காலர் தெரியாதபடி கழுத்தைக் குறுக்கிக்கொண்டார். அத்தனை வருஷம் அவரால் எனக்கு வெட்கம். அன்றைக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. மாலை ஏறிய கழுத்தோடு, அழக்கூட முடியாமல், தாங்க முடியாத வெட்கம்.

எல்லாம் முடிந்து நாங்கள் கும்பிட்டு எழுந்தபோது அப்பா காலரைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"அணிலா கடிச்சுது?"

"ஆமா. மொதல்ல பயந்துச்சு. சட்டைதான் நிக்குது, உள்ள ஆளு இல்லன்னு தெரிஞ்சதும் ஏறிடுச்சு" என்றாள் அம்மா.

அப்பா தலையை ஆட்டினார். பந்தியில் உட்காராமலே பஸ் ஏறப் போய்விட்டார். போகும்போதும் அந்தச் சட்டையை அவர் கழற்றவில்லை.