முப்பது நாள் அட்டை

நல்லசாமி மிக்ஸியின் ஒயரில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுகிறார். அட்டையில் அன்றைய தேதி, கீழே கையெழுத்து. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒனக்கு முப்பது நாள் டைம்" என்று மிக்ஸியிடம் சொல்கிறார்.

சுரங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கன்வேயர் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே பெல்ட்டில் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். ஓய்வு பெற்றதும் அந்த அட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் பார்த்து வைத்திருக்கும் ஒற்றை அறைக்கு அவர் தனியாகப் போக வேண்டும். அட்டை கட்டிய பொருள் முப்பது நாளில் ஒருமுறை தேவைப்பட்டாலும் பிழைத்தது. இல்லாவிட்டால் வாசல் மதில்மேல் ஏறிவிடும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர் வீட்டிலிருந்து நான் பார்க்க, இரண்டு சுவர்க்கடிகாரங்கள், பதினோரு எவர்சில்வர் தூக்குகள், ஒரு தையல் மெஷின் என்று வரிசையாகப் போயின. நீண்ட காலப் பணிக்காகக் கொடுத்த கேடயத்தை மட்டும் யாரும் தொடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அதைத் தன் கேட்டுக்கு முட்டுக் கொடுத்தார்.

"அண்ணே, ஃபிரிட்ஜுக்கு எப்ப நாள் முடியுது?"

"தெனம் ரெண்டு வாட்டி தொறந்துக்கினுதாம்மா இருக்கேன். நீ ஆசய வெக்காத."

வீடு காலியாகக் காலியாக அவர் நடை மாறியது. "வூட்ல கண்ண மூடிக்கினு நடக்கறேன் தம்பி, ஒண்ணும் கால்ல இடிக்கல" என்றார்.

அடுத்த மாதம் ஸ்மார்ட்ஃபோனையும் அணைத்து அட்டை கட்டினார். "காலையில எழுந்தா அறுவது பேரு வணக்கம் சொல்லிக்கினு நிக்கிறான். எல்லாருக்கும் திருப்பிச் சொல்லணுமாம்." பதிலுக்கு ஒரு பட்டன் ஃபோன், புது எண். பெங்களூரில் இருக்கும் மகள் மலர்விழிக்கு அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அவள் எண்ணோ அணைத்து வைத்த ஃபோனுக்குள் இருக்கிறது. அதை எடுத்தால் ஃபோன் பிழைத்துக்கொள்ளும். அதனால் புது எண்ணை இன்லேண்ட் கடிதத்தில் எழுதிப் போட்டார்.

கடிதம் போய்ச் சேரும் முன் மலர்விழி வந்துவிட்டாள். நான்கு நாளாக அழைத்து அழைத்துப் பார்த்தவள். சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள். அவர் பூட்டுவதை விட்டு நாளாகிறது. கூடத்தில் ஒரு பாய், ஒரு நாற்காலி, ஆறு வருடம் முன் இறந்துபோன அவள் அம்மாவின் படம். திறந்து கிடந்த வெற்று அலமாரி. அவள் வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டாரா? ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாராங்க?"

அவள் கேட்காத கேள்வியும் எனக்குக் கேட்டது. "பண்ருட்டி போயிருக்கார், வந்துருவார்" என்றேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

மதியம் நல்லசாமி பஸ் இறங்கி நடந்து வந்தார். "எப்ப கண்ணு வந்த? லெட்டர் கெடச்சுதா?"

"என்ன லெட்டர்? ஃபோனையும் நிறுத்திட்டு, வீட்டையும் இப்படித் தொடச்சு வெச்சா நான் என்னன்னு நெனைக்கிறது? சாகத்தான் போறீங்கன்னு நெனச்சேம்பா." அவர் கையைப் பிடித்தாள். "கெளம்புங்க பெங்களூருக்கு. இனிமே ஒத்தையில விட மாட்டேன்."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். இந்த இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவள் கண்ணால் பார்த்தார் போலிருக்கிறது.

"அட ஆமா" என்றார் மெதுவாக. "அப்பிடித்தான் தெரியுது."

பிறகு அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் கடைவாயை ஓரமாக இழுத்துக் காட்டினார். உள்ளே, அன்று காலை பண்ருட்டியில் கட்டிய மூன்று புதுப் பற்கள்.

"சாவப் போறவன் பல்லு கட்டுவானாடி?" விரலை எடுக்காமலே கேட்டார்.

மலர்விழி மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் ஃபோனின் டார்ச்சைப் போட்டாள். அவள் குனிந்து பார்த்து முடிக்கும்வரை அவர் வாயை மூடவில்லை.